காரின் தலைப்பாரம்

கிளம்ப வேண்டியது காலை ஐந்து மணிக்கு. முந்தின இரவு பதினொன்றரைக்கு நான் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர், ஐந்து நாள். இரண்டு பெரிய சூட்கேஸ், மடக்கி வைக்கும் குழந்தை வண்டி, போர்வை மூட்டை, ஒரு பை நிறையச் செருப்பும் ஷூவும், அம்மாவின் தலையணை (வேறு தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது). எப்படி அடுக்கினாலும் ஏதாவது ஒன்று மிஞ்சியது. ஒவ்வொரு முறையும் வேறொன்று.

மிஞ்சியதைப் பின் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் திணித்தோம். மகள் வழியெல்லாம் முழங்காலை மடக்கிக்கொண்டே வந்தாள். உள்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டிக்குப் பதில் போர்வை தெரிந்தது. ஓர் இடத்தில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு டப்பா பறந்து வந்து முன் இருக்கைகளுக்கு நடுவே விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வீடு திரும்பியதும் காருக்கு மேலே ஏதாவது மாட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவு சரிதான். அதற்கப்புறம் செய்ததுதான் வரிசையாகத் தப்பு. கூரைப்பை, திறந்த கேரியர், மூடிய பெட்டி என்று மூன்றையும் ஏற்றிப் பார்த்தேன். எதை முதலில் பார்த்திருக்க வேண்டுமோ அதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

முதலில் வாங்கியது கூரைப்பை. தடித்த துணியில் தைத்த பெரிய மூட்டைதான். ஜிப் உண்டு, சுற்றிலும் பட்டைகள் உண்டு. என் காரில் அப்போது குறுக்குக் கம்பி (சாமானைத் தாங்கக் கூரையின் குறுக்கே மாட்டுவது) எதுவும் கிடையாது. "கம்பியே வேண்டாம், எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்றார் விற்றவர். நான்கு கதவையும் திறந்து, பட்டைகளை உள்ளே விட்டு இழுத்துக் கட்டி, கதவைச் சாத்த வேண்டும். பத்து நிமிட வேலை. எனக்கு ஒரே சந்தோஷம்.

வேகம் எழுபதைத் தாண்டியதும் கூரையிலிருந்து ஒரு சத்தம். மாடு கத்துவதுபோல் நீளமாக, நிற்காமல். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கிளம்பினால் மறுபடி அதே கத்தல். பட்டைதான் காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு லாரி ஓட்டுநர் பார்த்துச் சிரித்துவிட்டு, பட்டையை அவிழ்த்து இரண்டு மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டிக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டை காற்றில் ஒரே சீராகத் துடிக்கும். முறுக்கிவிட்டால் அந்தச் சீர் குலைந்துவிடும். இதுவரை கூரைச் சாமான் பற்றி நான் கற்றதிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான். காசும் செலவில்லை.

திரும்பி வரும்போது மழை. பைக்குள் கொஞ்சம் ஈரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். எதிர்பாராதது, காருக்குள் மழை. பட்டை போகிற இடத்தில் கதவின் ரப்பர் முழுசாக அழுந்தாது. நனைந்த பட்டை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை உள்ளே இழுத்து, சொட்டுச் சொட்டாக அம்மாவின் தோளில் விட்டது. "கூரை ஓட்டையாடா?" என்று கேட்டார். இறங்கிப் பையைத் திறந்தால் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் புகுந்திருந்தது. தண்ணீரைத் தாக்குப்பிடிக்கும் துணி வேறு, தண்ணீர் புகாத பை வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தைத்த பையில் ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாசல். விளிம்புகளைச் சூட்டில் ஒட்டவைத்த தார்ப்பாய்ப் பைகள் மழைக்கு இதைவிட மேல். அதிலும் ஜிப்பின் மேல் அகலமான மடிப்பு விழ வேண்டும், ஜிப் முடியும் முனை காரின் பின்பக்கம் இருக்க வேண்டும்.

இன்னொரு சேதமும் ஆனது. பையைக் கூரையில் வைக்குமுன் நான் கூரையைத் துடைக்கவில்லை. அடியில் மாட்டிக்கொண்ட மணல், நானூறு கிலோமீட்டர் தூரம் உப்புத்தாள் வேலை செய்திருந்தது. அந்தக் கீறல் இன்னமும் இருக்கிறது. மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போட்டிருந்தால் கீறலும் இருக்காது, பையும் வழுக்காது.

இதைப் படித்துவிட்டு கூரைப்பை மோசம் என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு பயணம், வீட்டில் பெட்டி வைக்க இடமில்லை என்பவர்களுக்கு அதுதான் சரி. மடித்தால் அலமாரியின் ஒரு தட்டில் அடங்கும். கூரையில் பக்கவாட்டுக் கம்பியோ குறுக்குக் கம்பியோ இருந்தால் பட்டையை அதிலேயே கட்டிக்கொள்ளலாம். கதவுக்குள் விடவே வேண்டாம். துணிகளைத் தனித்தனியாக பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்துவிட்டால் மழைக்கும் பயமில்லை.

எனக்கோ ரோஷம். அடுத்த பயணத்துக்குக் குறுக்குக் கம்பி இரண்டும், அதன் மேல் ஓர் இரும்புக் கேரியரும் வந்துவிட்டன. சுற்றிலும் சின்ன வேலி வைத்த தட்டுபோல இருக்குமே, அதுதான். கோணல்மாணலான சாமான்களுக்கு அதைப்போல் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழந்தை வண்டியைச் சக்கரத்தோடு அப்படியே படுக்க வைக்கலாம், சேறு ஒட்டிய பொருளைக் கவலைப்படாமல் ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் தார்ப்பாய் போர்த்தி, வலை போட்டு, பட்டை இழுத்து முடிக்க அரை மணி நேரம். நடுவழியில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்றால் அத்தனையையும் அவிழ்க்க வேண்டும். சரியாக இழுக்காத தார்ப்பாயின் முனை படபடவென்று அடித்துக்கொண்டே வந்து, ஒரே பயணத்தில் கிழிந்தது.

அந்தக் கேரியரில் சூட்கேஸ் ஏற்றும்போதுதான் கூரைத் தகட்டிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. மனைவி நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, இது எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு பை வாங்கி, கம்பி வாங்கி, கேரியரும் வாங்கிய பிறகு, அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

பதில் காரோடு வந்த கையேட்டில் இருந்தது. என் காருக்கு 75 கிலோ. பல கார்களுக்கு இந்த அளவு 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். சில மாடல்களில் கூரையில் எதுவுமே ஏற்றக் கூடாது என்று போட்டிருக்கும். கண்ணாடிக் கூரை வைத்த காருக்கும் சாதாரணக் கூரைக்கும் அளவு வேறுபடலாம். கூரையில் நீளவாக்கில் பளபளவென்று ஓடும் கம்பி சில கார்களில் வெறும் அழகுக்காக ஒட்டியது. அதில் எதையும் மாட்டக் கூடாது. இதெல்லாம் கையேட்டில் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை.

அந்த 75 கிலோ முழுவதும் நம் சாமானுக்கும் இல்லை. கம்பியின் எடையும் கேரியரின் எடையும் அதில் அடக்கம். என் கம்பிகள் 6 கிலோ, கேரியர் 19 கிலோ. மீதி 50. குளியலறை எடைக்கருவியில் முதலில் நான் ஏறி நின்று, அப்புறம் ஒவ்வொரு பையாகத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்தேன். சூட்கேஸ்கள் 22, 20; குழந்தை வண்டி 8; செருப்புப் பை 6; போர்வை மூட்டை 6. மொத்தம் 62. பன்னிரண்டு கிலோ அதிகமாக ஏற்றிக்கொண்டு, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன்.

கம்பிக்கென்று தனியாக ஓர் எடை அளவு உண்டு, பெட்டிக்கோ கேரியருக்கோ இன்னொன்று உண்டு. கம்பியின் அட்டைப்பெட்டியில் 100 கிலோ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மூன்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. இன்னொரு குழப்பமும் பார்த்திருக்கிறேன்: கூரைமேல் கூடாரம் போட்டு இரண்டு பேர் படுக்கிறார்களே, அப்போது தாங்கவில்லையா என்று கேட்பார்கள். அது நிற்கிற கார். ஓடும்போது குழியில் இறங்குவதும் வளைவில் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் அந்த எடையைப் பல மடங்கு உலுக்கும். கையேட்டில் இருப்பது ஓடுகிற காருக்கான அளவு.

எல்லாவற்றையும்விட நான் தவறாக நினைத்திருந்தது வேறொன்று. மேலே பெட்டி வைத்தால் கார் இன்னும் 75 கிலோ கூடுதலாகச் சுமக்கும் என்று நினைத்தேன். கிடையாது. ஆட்கள், டிக்கி, கூரை எல்லாம் சேர்த்து காருக்கு ஒரு மொத்த அளவு இருக்கிறது. கூரைச் சாமானும் அதற்குள்தான் வர வேண்டும். கூரையில் நாம் வாங்குவது இடத்தை மட்டும். ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்தாலே அந்த மொத்தத்தில் பெரும்பங்கு போய்விடும். டயர் காற்றுக்கும் முழுச் சுமைக்கென்று தனி அளவு, ஓட்டுநர் கதவோரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, கையேட்டிலோ இருக்கும். சாமான் ஏற்றுகிற நாளில் அதைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

இடம் மட்டும்தான் என்று புரிந்ததும் அடுக்குவதே மாறிவிட்டது. அதுவரை கனமான சூட்கேஸ்கள் மேலே, தலையணை போன்ற லேசானவை டிக்கியில். அதாவது தலைகீழாக. உயரத்தில் ஏறும் எடை வண்டியின் ஆட்டத்தைக் கூட்டுகிறது. வளைவில் கார் கொஞ்சம் தாமதமாகச் சாய்ந்து, தாமதமாக நிமிர்வதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம். பெரிய லாரியை முந்திப் போகும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும். இப்போது கனமானவை டிக்கியில், பின் இருக்கையின் முதுகை ஒட்டி, தரையோடு. இடத்தை அடைக்கிற ஆனால் கனமில்லாதவை மேலே: போர்வை, தலையணை, குளிராடை, செருப்பு, காலிப் பைகள். அன்றிலிருந்து கூரையில் முப்பது கிலோவைத் தாண்டியதே இல்லை.

பெட்டிக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் ஒரு நண்பர் தன் பெட்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நீளமான, பெரிய பெட்டி. இரண்டு பேராகத் தூக்கி மாட்டினோம், பார்க்க ஜோராக இருந்தது. டிக்கியைத் திறந்தேன். பின்கதவு பாதி உயர்ந்ததும் 'டக்' என்று பெட்டியின் வாலில் இடித்து நின்றது. அன்றைக்கு முழுவதும் டிக்கியிலிருந்து எதை எடுப்பதாக இருந்தாலும் குனிந்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். பெட்டியின் ஓரத்திலும் கதவிலும் ஆளுக்கொரு கீறல். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சங்கடம்.

அதனால் என் பெட்டிக்கு முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்தேன். கடையில் குறித்துக்கொண்ட நீள அகலத்துக்கு அட்டையை வெட்டி, கம்பியின் மேல் வைத்து ஒட்டி, பின்கதவை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். உயரத்துக்கு ஒரு காலி அட்டைப்பெட்டி. எவ்வளவு முன்னால் தள்ளினால் கதவு தப்பிக்கும், அப்படித் தள்ளினால் முன்கண்ணாடிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்குமா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பெட்டியின் கொக்கிகளுக்கு இரு கம்பிகளுக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. சின்னக் காரின் கூரையில் அந்தத் தூரம் கிடைக்காமல் போகலாம். கம்பி தட்டையா, சதுரமா, மேலே பள்ளம் ஓடுகிறதா என்பதைப் பொறுத்துக் கொக்கியும் மாறும்.

லிட்டர் கணக்கை ஓரளவுக்குமேல் நம்ப வேண்டாம். 400 லிட்டர் என்று எழுதியிருக்கும். ஆனால் காற்றுக்காக மூக்குப் பக்கம் சரிந்திருப்பதால் அங்கே சூட்கேஸ் நுழையாது. துணிப்பைதான் வளைந்து உட்காரும். எங்கள் சூட்கேஸ் இரண்டும் இப்போது பரணில். எல்லோருக்கும் ஆளுக்கொரு மெத்தென்ற பை. பெட்டி வாங்குகிறவர்கள் பையையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் விடாப்பிடியாகத் தேடியது இரண்டு பக்கமும் திறக்கிற மூடி. சாலையோரம் நிறுத்தினால் வண்டிகள் போகாத பக்கமாக நின்று திறக்கலாம். இன்னொன்று பூட்டு. எல்லாக் கொக்கியும் சரியாக விழுந்தால்தான் சாவியை வெளியே எடுக்க முடியும் என்ற அமைப்பு இருக்கிறது. அவசரத்தில் கிளம்பும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல காவல் வேறில்லை. கூரைச் சுமை தாங்கிகளுக்கு ஐஎஸ்ஓ 11154 என்றொரு தரநிர்ணயம் உண்டு. பெட்டியிலோ கம்பியிலோ அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். கறுப்பு நிறம் அழகுதான், ஆனால் வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்புபோல் கொதிக்கும். மருந்து, பவர் பேங்க், வாசனை ஸ்ப்ரே எதையும் மேலே வைப்பதில்லை.

உள்ளே அடுக்கும்போது இருப்பதில் கனமானது நடுவில், இரண்டு கம்பிகளுக்கும் இடையே. லேசானவை முன்னும் பின்னும். பெட்டிக்குள் இருக்கிற பட்டையைக் கட்டாயம் மாட்ட வேண்டும். பாதி நிரம்பிய பெட்டியில்தான் பை அதிகம் சறுக்கும். மாட்டி முடித்து ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாத் திருகையும் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறேன். முதல் பயணத்தில் அப்படிப் பார்த்தபோது பின்பக்கத் திருகு ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. பிறகு அந்த நிறுத்தம் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளே நினைவூட்டுகிறார்கள், அவர்களுக்கு அது பிஸ்கட் நிறுத்தம்.

எரிபொருள் அதிகம் போகும். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த கார் பெட்டியோடு 15 கொடுத்தது. தார்ப்பாய் போர்த்திய கேரியரோடு 14-க்கும் கீழ். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்வதும் இதை ஒட்டித்தான்: முனை மழுங்கிய பெரிய கூரைப்பெட்டி நகரத்துக்குள் 2 முதல் 8 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் அது 10 முதல் 25 சதவீதம். காரின் பின்னால் கொக்கியில் மாட்டும் பெட்டி என்றால் நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதம்தானாம். இழுவைக் கொக்கி உள்ளவர்கள் அதையும் யோசிக்கலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் இப்போது தொண்ணூறைத் தாண்டுவதில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே பெட்டியையும் கம்பியையும் கழற்றிவிடுகிறேன். காலியாக நிற்கிற கம்பிகூட விசிலடித்துக்கொண்டு எரிபொருளைக் குடிக்கும்.

உயரத்தை மட்டும் தாளில் எழுதி ஸ்டீயரிங்குக்கு அருகில் ஒட்டி வைத்திருக்கிறேன். கம்பியும் பெட்டியும் சேர்ந்து காரை அரை மீட்டர் உயர்த்திவிடும். என் கார் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. தரையடி வாகன நிறுத்தம் ஒன்றின் வாசலில், தொங்கவிட்டிருந்த எச்சரிக்கைச் சங்கிலி பெட்டியில் உரசிய பிறகு ஒட்டியது அது.

போன விடுமுறைக்கு மனைவியின் தம்பி வந்து, "மாமா, உங்க பெட்டியை ஒரு வாரத்துக்குக் குடுங்க" என்றான். சாவியைக் கொடுக்குமுன் அவன் காரின் கையேட்டை எடுத்துவரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்து வந்தான். அவன் கூரைக்கு 50 கிலோ. அவன் கம்பிகள் 5, என் பெட்டி 16. மீதி 29. கொண்டுவந்திருந்த பெரிய சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் டிக்கிக்குக் கொண்டுபோனான். மேலே போனது நான்கு தலையணையும் இரண்டு கம்பளியும், பிள்ளைகளின் காற்று நிரப்பும் படகும். கிளம்பும்போது பட்டையை முறுக்கிக் கட்டச் சொல்ல வாயெடுத்தேன். பெட்டிக்கு வெளியே பட்டை எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.